13 துளை அகலத்துக்குள் ஒரு முன் ஆக்சில்

போன வியாழக்கிழமை இரவு 11 மணி தாண்டியபிறகு, லெகோ துண்டுகளால் நான் கட்டிய லேண்ட் ரோவர் வண்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, இடது முன் சக்கரத்துக்கு அடியில் 5 பிளேட்டை அடுக்கினேன். லெகோ பிளேட் ஒன்றின் உயரம் 3.2 மி.மீ. ஐந்தும் சேர்ந்தால் சரியாக 16 மி.மீ. சக்கரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. வலது சக்கரம் மேசையை விடவில்லை. அப்படியே வைத்து ஸ்டேரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பினேன். பல்சக்கரத்தின் பல் வழுக்கும் 'டக்' சத்தம் வரவில்லை. ஆறு வார வேலையில் பல நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போயிருக்கிறேன்.

இவ்வளவு சின்ன அளவில் திரும்பவும் வேண்டும், மேடுபள்ளத்துக்கு ஏறி இறங்கவும் வேண்டும் என்று ஒரு முன் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்கு அச்சு) கட்டப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கெல்லாம் வழி தவறினேன் என்பதையும் மறைக்கவில்லை.

எதற்காக ஆரம்பித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். அப்பா கித்தா (ரப்பர்) தோட்டத்தில் லேண்ட் ரோவர் ஓட்டியவர். துரையை ஏற்றிக்கொண்டு காலையில் வெட்டுக்காடு முழுக்கச் சுற்றிவிட்டு வருவார். அந்தத் தோட்டம் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அப்பா வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கை தானாக ஸ்டேரிங் பிடிக்கிற மாதிரி மேலே வரும். என் அண்ணன் மகன் பள்ளி விடுமுறைக்கு வந்தபோது தன் லெகோ டெக்னிக் (பீம், பல்சக்கரம் உள்ள வகை) பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான். தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஒரு ஜீப் கட்டினார்கள். கட்டி முடித்து முற்றத்துச் செம்மண்ணில் உருட்டியபோது அப்பா சொன்னார்: "நம்ம வண்டி இப்படி விறைப்பா நிக்காதுடா. ஒரு டயரு கல்லுமேல ஏறுச்சின்னா மத்தது பள்ளத்துல எறங்கிக்கும். முன்னால முழு ஆக்சிலும் சாயும்." பையன் என்னைப் பார்த்து, "அத்தை, அந்த மாதிரி செய்ய முடியுமா?" என்றான். விடுமுறை முடிந்து அவன் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டான். கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

லெகோவிலேயே லேண்ட் ரோவர் டிபெண்டர் இருக்கிறது. 2019இல் வந்தது, 2573 துண்டு. அருமையான மாடல்தான். ஆனால் அதில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். புது டிபெண்டர் நிஜத்திலும் அப்படித்தான், அதனால் அதைக் குறை சொல்ல முடியாது. அப்பா ஓட்டியது பழைய சீரிஸ் 3. இடமிருந்து வலம்வரை ஒரே முழு ஆக்சில், அதன்மேல் பட்டை ஸ்பிரிங். லேண்ட் ரோவருக்குச் சுருள் ஸ்பிரிங் வந்ததே 1983இல், ஒன் டென் வந்தபோதுதான். இன்னொன்று, அந்த லெகோ டிபெண்டரின் அகலம் 20 செ.மீ. நான் செய்ய நினைத்தது அதில் பாதி.

அளவு எப்படி வந்தது என்று சொல்கிறேன். கையில் இருந்தது 43.2 மி.மீ. விட்டம், 22 மி.மீ. அகலமுள்ள டயர் நான்கு. நிஜ வண்டியின் டயர் விட்டம் 71 செ.மீ. அளவில் இருக்கும். அப்படியென்றால் மாடல் ஏறக்குறைய பதினாறரையில் ஒரு பங்கு. சீரிஸ் 3 குட்டை வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 88 அங்குலம். மாடலில் அது 135 மி.மீ., அதாவது 17 துளை. இடது டயர் நடுவிலிருந்து வலது டயர் நடுவரை 51.5 அங்குலம். அது 79 மி.மீ., அதாவது 10 துளை. டயர் அகலத்தையும் சேர்த்தால் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம்வரை சுமார் 102 மி.மீ. 13 துளைக்குள் எல்லாம் அடங்கவேண்டும்.

இனி 'துளை' என்று நான் எழுதுவதெல்லாம் 8 மி.மீ. டெக்னிக் பீமில் ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவரை உள்ள தூரம் அதுதான். இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் பாதி வேலையைப் பேப்பரிலேயே முடித்துவிடலாம்.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. 32 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய டிஜிட்டல் காலிப்பர், பையன் விட்டுப்போன கோணமானி, சமையலறைத் தராசு, ஒரு கட்டம் போட்ட நோட்டு. ஆலை ஆபிஸில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. இரவு ஒன்பதுக்கு மேல்தான் மேசை காலியாகும்.

முதலில் ஆசை பெரிதாக இருந்தது. லேண்ட் ரோவர் என்றால் நான்கு சக்கரமும் இழுக்கவேண்டும். அதனால் முன் சக்கரத்துக்கும் எஞ்சின் ஓட்டம் போகிற மாதிரி ஆரம்பித்தேன். சக்கரம் திரும்பும் இடத்தில் 3 துளை நீளமுள்ள யூனிவர்சல் ஜாயிண்ட், அதாவது மடிந்தாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு. அதன் நடுப்புள்ளி கிங்பின்னுக்கு (சக்கரம் இடம் வலம் திரும்பும் செங்குத்து அச்சு) நேராக நிற்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது இழுக்கும். நடுவில் ஒரு சாய்பல் சக்கரம், அதன் இரண்டு பக்கமும் தாங்கும் பீம். அந்த மூன்று துளையும், இருபுறமும் ஜாயிண்டின் உள் பாதியும் சேர்ந்ததிலேயே கிங்பின் நடுவிலிருந்து மூன்று துளை தள்ளிப் போய்விட்டது. அதற்கு வெளியே ஜாயிண்டின் மறு பாதி ஒன்றரைத் துளை. அதற்கும் வெளியே சக்கர அச்சைத் தாங்க ஒரு துளை. அதற்குப் பிறகுதான் டயர். கட்டி முடித்துக் காலிப்பரை வைத்தேன். 134 மி.மீ. வேண்டியது 102.

நான்கு ராத்திரி அதைக் குறைக்கப் பார்த்தேன். ரிம்முக்குள் ஜாயிண்டை நுழைத்துப் பார்த்தேன். இந்த ரிம் அவ்வளவு ஆழம் இல்லை. 126க்குக் கீழே இறங்கவே இல்லை. ஐந்தாம் நாள் முன் சக்கரத்துக்கு இழுவை வேண்டாம் என்று முடிவு செய்தேன். மனசில்லாமல் எடுத்த முடிவுதான். அப்பாவிடம் சொன்னேன். "ரோட்டுல போகும்போது பின் சக்கரம் மட்டுந்தாம்மா இழுக்கும். முன் சக்கரத்த நாமதான் லீவர் போட்டுச் சேக்கணும்" என்றார். அது போதுமான ஆறுதலாக இருந்தது.

இழுவை போனதும் ஆக்சில் என்பது வெறும் 7 துளை பீம் ஒன்றாகச் சுருங்கியது. இரண்டு கோடித் துளைக்கும் நடுவே 6 துளை, அதாவது 48 மி.மீ. அதுதான் கிங்பின் இடைவெளி. பீமைப் படுக்கவைத்தால் துளைகள் மேலும் கீழுமாகப் பார்க்கும். கோடித் துளைக்குள் 3 துளை நீள ஆக்சில் தண்டு ஒன்றைச் செங்குத்தாக இறக்கினேன். அதன் கீழ் முனையில் குறுக்குக் கனெக்டர், அதிலிருந்து சக்கரத்தின் அச்சு வெளியே நீள்கிறது. மேல் முனையில் பின்னோக்கி 2 துளை நீளும் கை. தண்டு கூட்டல் குறி வடிவம் என்பதால் கனெக்டரும் கையும் அதோடு இறுகிச் சேர்ந்து திரும்பும். பீமின் வட்டத் துளைக்குள் தண்டு தடையில்லாமல் சுழலும்.

தண்டுக்கு வருவதற்கு முன்னால், துளையில் செருகும் 'பின்' (pin) வைத்துத்தான் பார்த்தேன். கறுப்புப் பின்னில் உராய்வு வரி இருப்பதால் ஸ்டேரிங் கல் மாதிரி இறுகியது. சாம்பல் நிறப் பின்னில் அந்த வரி இல்லை, ஆனால் சக்கரம் லொடலொடத்தது. தண்டு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இந்த அமைப்பில் பீம் சக்கர நடுவைவிட 8 மி.மீ. மேலே நிற்கும். நிஜ வண்டியில் இப்படி இல்லை. ஆனால் அதனால் அடியில் கிடைத்த இடைவெளி 17 மி.மீ. முற்றத்துக் கல்லுக்கு அது தேவைப்படுகிறது என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்தது ஸ்டேரிங். ஆறு வாரத்தில் நான்கு வாரம் இதில்தான் போனது.

முதலில் ரேக்கை, அதாவது பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இடம் வலமாக நகர்த்தும் பல் சட்டத்தை, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) பொருத்தினேன். ரேக்கின் இரு முனையிலிருந்தும் ஒரு குட்டை இணைப்புக் கம்பி, இருபுறக் கைகளுக்கும். மேசைமேல் வைத்துத் திருப்பியபோது பட்டுப்போல் திரும்பியது. சந்தோஷத்தில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வண்டியை மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். இரண்டு முன் சக்கரமும் ஒன்றைவிட்டு ஒன்று வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டன. "என்னம்மா இது, பள்ளத்துல எறங்குனா ரெண்டும் ரெண்டு பக்கம் போவுதே?" என்றார்.

காரணம் தெளிவாகவே தெரிந்தது. ஆக்சில் ஏறி இறங்குகிறது, ரேக் அசையாமல் நிற்கிறது. நடுவில் உள்ள கம்பி 16 மி.மீ. நீளம். ஆக்சில் 8 மி.மீ. ஏறினால் கம்பி சாய்ந்து, பக்கவாட்டில் அதன் நீளம் 2 மி.மீ.க்கு மேல் குறைகிறது. கையும் 16 மி.மீ. தான் என்பதால் அந்த 2 மி.மீ. சக்கரத்தில் ஏழெட்டு டிகிரியாக மாறுகிறது. கோணமானி வைத்துப் பார்த்தேன், அதேதான். கம்பி நீளமாக இருந்தால் இது குறையும். 13 துளை வண்டியில் நீளக் கம்பிக்கு எங்கே இடம்?

சரி, ரேக்கும் ஆக்சிலோடு சேர்ந்தே ஏறி இறங்கட்டும் என்று அதை ஆக்சில் மேலேயே ஏற்றினேன். இந்த முறை இணைப்புக் கம்பியே வேண்டாம், இருபுறக் கைகளையும் இணைக்கிற குறுக்குச் சட்டமே ரேக்காக இருக்கட்டும் என்று நினைத்தேன். 7 துளை பீம் இன்னொன்று, ஆக்சிலுக்கு 2 துளை பின்னால், கைகளின் நுனியில். அதன் முன்பக்கம் பார்த்து ரேக்கின் பல், அதற்கு முன்னால் செங்குத்தாக நிற்கும் 8 பல் பினியன். நேராக இருக்கும்போது அழகாகக் கடித்தது. இருபது டிகிரி தாண்டியதும் 'டக்'.

இந்த 'டக்' எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே ஒன்பது நாள் ஆனது. பினியனை மாற்றினேன். ரேக்கை மாற்றினேன், பழையது தேய்ந்திருக்குமோ என்று. பினியனைத் தாங்கும் பீமை இரட்டையாக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஸ்டேரிங்கை நகத்தளவு நகத்தளவாகத் திருப்பிப் பார்த்தேன். குறுக்குச் சட்டம் பக்கவாட்டில் மட்டும் போகவில்லை. கைகள் இரண்டும் வட்டத்தில் சுழல்வதால் சட்டம் பக்கத்தில் போகப் போக, கூடவே முன்னோக்கியும் நகர்கிறது. 30 டிகிரியில் அந்த நகர்வு 2 மி.மீ. சட்டத்தின் பல் பினியனோடு முட்டி, தாங்கும் பீமை வளைத்து, ஒரு பல் தாவி விழுகிறது. பினியனைச் சட்டத்துக்குப் பின்னால் வைத்தும் பார்த்தேன். இப்போது முட்டுவதற்குப் பதிலாகப் பல் விலகிப் போய்க் கடியே விட்டது.

பினியனை எந்தப் பக்கம் வைத்தாலும் அந்த 2 மி.மீ. கெடுக்கிறது என்றால், கெடுக்காத பக்கம் ஏதாவது உண்டா? மேலே. பல் வானத்தைப் பார்க்கட்டும். பினியன் சட்டத்தின் தலைமேல், அதன் தண்டு வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கட்டும். அப்போது சட்டம் 2 மி.மீ. முன்னே போனாலும் பின்னே போனாலும் பினியனின் பல்லை ஒட்டியே வழுக்கும். 8 பல் பினியனின் அகலம் ஏறக்குறைய ஒரு துளை, 8 மி.மீ. அதில் 2 மி.மீ. போனால் போகட்டும், மீதி 6 கடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் மேலே பார்க்கும் ரேக்கை, படுத்திருக்கும் பீமில் எப்படிப் பொருத்துவது? பழைய மாதிரி ரேக் பிளேட் 4 துளை நீளம், அடியில் குமிழ் பிடிக்கும் பள்ளம். டெக்னிக் பீமில் குமிழ் கிடையாது. பெட்டியைக் கிளறும்போது அரைப் பின்கள் கிடைத்தன. ஒரு பக்கம் பாதி நீளப் பின், மறுபக்கம் சாதாரண லெகோ குமிழ். பீமின் நான்கு துளைகளில் நான்கு அரைப் பின்னை அழுத்தினேன். மேலே வரிசையாக நான்கு குமிழ். அதன்மேல் ரேக் பிளேட் 'கிளிக்' என்று உட்கார்ந்தது. இரண்டு வார அலைச்சலுக்குப் பிறகு கேட்ட முதல் நல்ல சத்தம் அது.

7 துளை பீமில் 4 துளை ரேக் நடுவில் நிற்காது. ஒரு பக்கம் அரைத் துளை, 4 மி.மீ. தள்ளித்தான் நிற்கும். பார்க்க உறுத்தியது. ஒரு பக்கம் குறைவாகத் திரும்புமோ என்று பயந்தேன். நோட்டில் எழுதிப் பார்த்தேன். 30 டிகிரி திரும்ப, 16 மி.மீ. கைக்கு, ரேக் ஒவ்வொரு பக்கமும் 8 மி.மீ. நகர்ந்தால் போதும். தள்ளி நிற்கும் ரேக்கில் குறைந்த பக்கத்தில்கூட 12 மி.மீ. இருக்கிறது. அப்புறம் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பினியன் உயரம் மட்டும் கொஞ்சம் தொல்லை கொடுத்தது. முதலில் பல்லுக்குப் பல் நடுவே தாள் நுழைகிற இடைவெளி. அரைத் தடிமன் துண்டை எடுத்து, தாங்கும் சட்டத்தை ஒரு படி இறக்கியதும் சரியானது. ரொம்ப இறுக்கினாலும் கூடாது. விரல் நுனியால் சக்கரத்தைத் தள்ளினால் பினியன் தானாகச் சுழலவேண்டும், அதுதான் நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

இந்த நீளவாக்குத் தண்டு இன்னொரு நன்மையைக் கொண்டுவந்தது. நான் அதைத் திட்டமிடவில்லை. ஆக்சில் இடம் வலமாகச் சாய ஒரு அச்சு வேண்டும் அல்லவா? ஸ்டேரிங் தண்டையே அந்த அச்சாக்கினேன். தண்டு நடுவில் நீளவாக்கில் போகிறது, ஆக்சில் அதைச் சுற்றி ஆடுகிறது. தண்டின் பின் கோடியில், ஆக்சிலிலிருந்து 9 துளை பின்னால், மிச்சமிருந்த ஒரு யூனிவர்சல் ஜாயிண்டைப் போட்டேன். ஆக்சிலைச் சுமக்கும் 3 துளை அகலக் கைச்சட்டம் சேஸிஸுக்கு அடியில் கீல் போட்டுத் தொங்குகிறது. கீலும் ஜாயிண்டின் நடுப்புள்ளியும் ஒரே கோட்டில். இதுதான் முக்கியம். கோடு ஒரு துளை தள்ளினாலும் ஏறி இறங்கும்போது தண்டு நீளம் போதாமல் ஜாயிண்டிலிருந்து கழன்று வந்துவிடும். எனக்கு இரண்டு முறை கழன்றது.

சாய்வதால் ஸ்டேரிங் திரும்புமா என்று பார்த்தேன். திரும்புகிறது, ஆனால் சிறிதளவு. ஒரு சக்கரம் 16 மி.மீ. ஏறினால் ஆக்சில் பதினொன்றரை டிகிரி சாயும். பினியன் தன் இடத்தில் நிற்க, ரேக் அதைச் சுற்றி அதே அளவு உருளும். ஒரு முழுச் சுற்றுக்கு 25 மி.மீ. நகர்கிற பினியனில் அது 0.8 மி.மீ. சக்கரத்தில் ஏறக்குறைய 3 டிகிரி. முன்பு 8 மி.மீ. ஏறியதற்கே ஏழெட்டு டிகிரி, அதுவும் இரண்டு சக்கரமும் எதிரெதிராக. இப்போது 3 டிகிரி, இரண்டும் ஒரே பக்கம். அப்பா பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டியிலயும் இருந்துச்சும்மா. கல்லுமேல ஏறுனா ஸ்டேரிங்கு கையில லேசா இழுக்கும்" என்றார். அதைக் கேட்டபிறகு இந்த 3 டிகிரியைச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பிரிங் விஷயத்துக்கு வருகிறேன். கித்தாத் தோட்டத்தில் பிறந்தவள் முதலில் எதை எடுப்பேன்? ரப்பர் பேண்ட். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் சுற்றி வருகிற சிவப்பு பேண்ட் எங்கள் வீட்டு ஆணியில் எப்போதும் ஒரு கொத்து தொங்கும். இருபுறமும் மூன்று மூன்று போட்டேன். பட்டை ஸ்பிரிங் மாதிரியே மென்மையாக ஆடியது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 14 மி.மீ. இருந்தது. நான்காம் நாள் மாலை வேலை விட்டு வந்து பார்த்தபோது வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. அளந்தேன், 8 மி.மீ. ஜன்னலோர வெயில், நாள் முழுக்க இழுத்த நிலையிலேயே பாரம். பேண்டைக் கழற்றி மேசைமேல் போட்டால் அது சுருங்கவே இல்லை, நீண்டபடியே கிடந்தது. விரலால் மடித்தபோது மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட கித்தா மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் பாலிலிருந்து வந்த சரக்கு நான்கு நாள் தாங்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டியும் பார்த்தேன். தடித்துப் போய் அசையவே இல்லை.

ஷாக் அப்சார்பருக்கு மாறினேன். 6.5 துளை நீளம், மஞ்சள் ஸ்பிரிங் போட்டது இரண்டு, 12 வெள்ளி. வந்து சேர்ந்தபிறகுதான் வண்டியை எடை போட்டேன். முன்பே போட்டிருக்கவேண்டும். மொத்தம் 520 கிராம், முன் ஆக்சில் மேல் 240 கிராம்தான். மஞ்சள் ஸ்பிரிங் கடினமானது, அந்த எடைக்கு அது இறங்கவே இல்லை. மறுபடியும் ஆர்டர், மென்மையான சாம்பல் ஸ்பிரிங் இரண்டு, 16 வெள்ளி. செங்குத்தாக வைத்தால் பானட்டுக்கு மேலே தலை நீட்டியது. பின்னோக்கிச் சாய்த்து வைத்தேன், உயரமும் அடங்கியது, கொஞ்சம் மென்மையும் கூடியது.

எவ்வளவு அகலத்தில் வைப்பது என்பதை டயர்தான் தீர்மானித்தது. சக்கரத்தின் நடு, கிங்பின்னிலிருந்து 16 மி.மீ. வெளியே. டயரின் உள்முகம் 5 மி.மீ. வெளியே. 30 டிகிரி திரும்பும்போது டயரின் பின் விளிம்போ முன் விளிம்போ கிங்பின்னைத் தாண்டி உள்ளே 6.5 மி.மீ. வருகிறது. நடுக்கோட்டிலிருந்து பார்த்தால் இருபுறமும் பதினேழரை மி.மீ. மட்டும்தான் நமக்குச் சொந்தம். முதலில் போட்டிருந்த 5 துளை அகலச் சேஸிஸ் 20 மி.மீ. வரை நீண்டதால் 23 டிகிரியிலேயே டயர் உரசியது. சேஸிஸை அந்த இடத்தில் ஒற்றை முதுகெலும்பாகக் குறுக்கி மேலே தூக்கிவிட்டு, அதன் அடியில் இரண்டு ஷாக்கையும் நடுவிலிருந்து ஒவ்வொரு துளை தள்ளி வைத்தேன். ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. முழுக்கத் திருப்பினால் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 2 மி.மீ. சொச்சம்.

ஷாக் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் சரிந்துவிடாதா என்று எனக்குக் கவலை. சரிந்தது, பின் ஆக்சிலைக் கட்டும்வரை. பின்னால் இரண்டு கடின மஞ்சள் ஷாக்கை, வாங்கி வீணாகக் கிடந்த அதே ஜோடியை, இயன்ற அளவு அகலமாக வைத்தேன். பின்பக்கம் உடம்பை நேராகப் பிடித்துக்கொள்ள, முன்பக்கம் தரையைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. "பின்னால தானே சாமான் ஏத்துவோம், அது விறைப்பாத்தான் இருக்கணும்" என்று அப்பா அதற்கும் ஒப்புதல் கொடுத்தார்.

ஸ்டேரிங் சக்கரத்திலிருந்து பினியனுக்கு நேராகத் தண்டு கொடுத்தபோது ஒரு பக்கத்துக்கு மூன்றில் ஒரு சுற்று திருப்பினாலே முழுத் திருப்பம் வந்தது. பையன் கைக்கு அது வேகம் அதிகம். நடுவில் 12 பல்லும் 20 பல்லும் சேர்த்தேன். இரண்டும் சேர்ந்து சரியாக 2 துளை இடைவெளி என்பதால் எங்கும் முட்டவில்லை. இப்போது ஒரு பக்கத்துக்கு அரைச் சுற்றுக்குச் சற்று மேல்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். டயரும் ரிம்மும் நான்கு ஜோடி பழசு 28 வெள்ளி. ஷாக் இரண்டு வகையும் சேர்த்து 28. ரேக் மூன்று 9. யூனிவர்சல் ஜாயிண்ட் இரண்டு 8. மூன்று முறை தபால் செலவு 18. ஆக 91 வெள்ளி. பீம், பின், பல்சக்கரம் எல்லாம் பையன் பெட்டியிலிருந்து. எடையை முதலிலேயே பார்த்திருந்தால் இரண்டு வகை ஷாக்கையும் ஒரே தடவையில் வாங்கி ஒரு தபாலாவது மிச்சமாகியிருக்கும்.

இன்னும் சரியில்லாதவை இருக்கின்றன. கிங்பின் தண்டை ஒரே ஒரு பீமின் 8 மி.மீ. தடிமன்தான் பிடித்திருக்கிறது. அதனால் டயர் உச்சியைப் பிடித்து ஆட்டினால் 2 மி.மீ. ஆடுகிறது. அடுத்த முறை இரண்டு பீமை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தண்டை 4 துளையாக நீட்டுவேன். உயரம் 8 மி.மீ. கூடும், பானட் அதைத் தாங்கும்.

இரண்டாவது, குறுக்குச் சட்டமும் கிங்பின் இடைவெளியும் ஒரே 6 துளை என்பதால் இரண்டு சக்கரமும் ஒரே கோணத்தில் திரும்புகின்றன. உள்வட்டச் சக்கரம் இன்னும் கொஞ்சம் அதிகம் திரும்பினால்தான் டைல்ஸ் தரையில் டயர் இழுபடாது. இந்த நீள வண்டிக்குக் கையின் நுனி ஒவ்வொரு பக்கமும் 2.8 மி.மீ. உள்ளே வரவேண்டும். லெகோவில் கைக்குக் கிடைப்பது அரைத் துளை, 4 மி.மீ. கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் செய்து பார்க்கப்போகிறேன். சட்டத்தில் துளைக்குத் துளை 5 ஆகிவிடும். அப்போது 4 துளை ரேக் சரியாக நடுவில் வந்து உட்காரும்.

முன் சக்கர இழுவையை நான் விட்டுவிடவில்லை. இதைவிடப் பெரிய டயர், 62.4 மி.மீ. விட்டத்தில் கிடைக்கிறது. அதற்கு வண்டி 18 துளை அகலம் வரை வளரும். முதல் முயற்சியின் 134 மி.மீ. அங்கே தாராளமாக அடங்கும். மேலே பார்க்கும் ரேக்கும் நீளவாக்குத் தண்டும் அப்படியே இருக்கும். இழுவைத் தண்டுக்கு மட்டும் அதன் அடியில் வழி பார்க்கவேண்டும்.

சனிக்கிழமை பையன் வந்தான். வண்டியை எடுத்துக்கொண்டு தாத்தாவோடு முற்றத்துக்குப் போய்விட்டான். காய்ந்த செம்பனைப் பழம் ஒன்றை அப்பா இடது சக்கரத்துக்கு முன்னால் வைக்க, அவன் அதன்மேல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தான். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கொண்டுவந்தபோது ரேக்கின் பற்களுக்கு நடுவே செம்மண் அடைந்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். நடுவில் உள்ள இரண்டு பல்லின் ஓரம் இப்போதே லேசாக மழுங்கியிருக்கிறது. மிச்சமிருந்த ரேக் இரண்டையும் ஒரு பொட்டலத்தில் கட்டி வண்டியோடு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.